கரை கட்டிய கட்டமஞ்சியார்

சித்தூரைச் சேர்ந்த கட்டமஞ்சியில் 1880-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்தவர் ராமலிங்க ரெட்டி. சர் சி. ஆர். ரெட்டி என்றால் கல்வியுலகம் நன்கறியும். அந்நாளில் சித்தூர் வடஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. தனி ஜில்லாவின் தலைநகரானது 1911-இல்தான். தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் அது. ஆதலின், அவரை ஆந்திரர்க்கு மட்டுமே உரியவர் என்று விட்டுவிட நமக்கு மனம் வருவதில்லை.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற காலத்திலேயே ‘முசலம்ம மரணம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். ஏரி உடைப்பெடுத்தபோது ஊரைக் காக்கத் தன்னுயிரையே தந்த ஒரு பெண்ணின் கதை அது. வெள்ளம் வந்தபின் உயிரைக் கொடுப்பது தியாகம். வருமுன் கரையை உயர்த்துவது அறிவு. ரெட்டியாரின் பிற்கால வாழ்வு இந்த இரண்டாவது வேலையிலேயே கழிந்தது எனலாம்.

உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் வரலாறு பயின்று முதல் வகுப்பில் தேறினார். அங்குள்ள மாணவர் மன்றத்தின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாயகம் திரும்பிப் பரோடாவிலும், பின்னர் மைசூரிலும் ஆசிரியப் பணி செய்தார். மைசூர் அரசு தனக்கென ஒரு பல்கலைக் கழகம் காண விரும்பியபோது, அவசரப்பட்டுக் கட்டடம் எழுப்பவில்லை. முதலில் உலகம் எப்படிக் கற்பிக்கிறது என்று பார்த்துவர இருவரை அனுப்பியது. தாமஸ் டென்ஹாம் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று நிர்வாக முறையை ஆராய்ந்தார். ரெட்டியார் அமெரிக்காவும் இங்கிலாந்தும் சென்று, ஆராய்ச்சியை வளர்க்கும் கல்விமுறை எது என்று கண்டுவந்தார். அதன் பின்னரே 1916-இல் மைசூர்ப் பல்கலைக் கழகம் பிறந்தது. அடுத்து அந்நாட்டின் கல்வித் துறைத் தலைவராகவும் அவர் பணியாற்றினார்.

1921-இல் அப்பதவியைத் துறந்து அரசியலில் இறங்கினார். நீதிக் கட்சியில் இருந்தவர், கருத்து வேறுபட்டு வெளியேறினார். 1923 நவம்பரில் பனகல் அரசர் மந்திரிசபை மீது சென்னைச் சட்டசபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்தார். தீர்மானம் தோற்றது. அரசியலில் அவருக்கு நிலையான வெற்றி கிட்டவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கல்வியே அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது.

1926-இல் ஆந்திரப் பல்கலைக் கழகம் தோன்றியது. அதன் முதல் துணைவேந்தர் ரெட்டியாரே. கல்லூரிகளை இணைத்து, வினாத்தாள் அச்சிட்டு, பட்டம் வழங்குவதோடு நின்றுவிடும் ஒரு கழகத்துக்கு என்ன நேரும்? பரீட்சை வளரும், அறிவு வளராது. இந்த நோய் வருமுன்னரே மருந்து தேட வேண்டியிருந்தது. பல்கலைக் கழகமே ஆசிரியரை வைத்துப் பாடம் சொல்ல வேண்டும்; விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் அங்கே ஆராயப்பட வேண்டும் என்பது அவர் கொண்ட வழி. பெஜவாடாவில் தொடங்கிய தலைமையிடம் 1930-இல் கடற்கரையூராகிய வால்ட்டேருக்கு மாறியது. அதே ஆண்டு அரசின் அடக்குமுறையைக் கண்டித்து அவர் பதவி விலகினார்.

அவருக்குப் பின் வந்தவர் திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பள்ளிக் கல்வி கற்ற டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் காலத்தில் விஞ்ஞானத் துறைகள் தழைத்தன. ஜெயப்பூர் மகாராஜா விக்கிரம தேவர் பெருங்கொடை ஈந்தார். இராமனின் மாணவர் பகவந்தம் 1932-இல் பௌதிகத்துக்கு வந்தார். மறு ஆண்டு, குளித்தலையில் பிறந்த நம் டி. ஆர். சேஷாத்திரி இரசாயனத்துக்கு வந்தார். தாவர நிறப்பொருள்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் அவர்.

1936-இல் ரெட்டியார் மீண்டும் துணைவேந்தரானார். 1949 வரை அப்பொறுப்பு வகித்தார். அதற்கிடையில் வந்தது போர். 1942 ஏப்ரல் 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்தின் மேல் ஜப்பானியர் குண்டு விழுந்தது. பல்கலைக் கழகம் குண்டூருக்குப் பெயர்ந்தது, 1946-இல்தான் திரும்பியது. இடமும் கருவியும் போதாத அந்நாளிலும் சேஷாத்திரியின் குழு ஆராய்ச்சியை விடவில்லை. கட்டடம் போனாலும் பழக்கம் போகவில்லை! ஊன்றிய விதை நல்ல விதை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1951 பிப்ரவரி 24-ஆம் நாள் ரெட்டியார் மறைந்தார். மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1954-இல், திருப்பதியில் திருவேங்கடவன் பெயரால் பல்கலைக் கழகம் எழுந்தது. தம் ஜில்லாவில் உதித்த அக்கழகத்தைக் காண அவர் இல்லை.

நண்பர்களே! ரெட்டியார் விஞ்ஞானியல்லர், சோதனைக் குழாய் பிடித்தவரல்லர். ஆயினும், ஆராய்ச்சி இல்லாத கல்லூரி நாளடைவில் வெறும் பரீட்சைக்கூடமாகிவிடும் என்ற ஆபத்தைத் தடுக்க வழி கண்டார். இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் செய்முறைத் தேர்வு முடிந்ததும் ஆய்வுக்கூடம் பூட்டப்படுகிறது. சித்தூர்ப் பக்கம் கிணறுகளில் நீர் மட்டம் ஏன் இறங்குகிறது, மாங்கூழ் ஆலைக் கழிவை எவ்வாறு பயன்படுத்தலாம் என்ற கேள்விகளோ வாசலிலேயே காத்து நிற்கின்றன. மாதம் ஒருமுறை சில கிணறுகளின் நீரை அளந்து குறித்துவைக்கப் பெரிய கருவி வேண்டாம், பி.எஸ்ஸி. மாணவர் நால்வரும், அவர்களை ஊக்குவிக்கும் ஆசிரியர் ஒருவரும் போதும். பத்தாண்டு சென்று பஞ்சம் வரும்போது, அந்த ஏடே ஊருக்குக் கரையாகும்.

கட்டமஞ்சியாருக்கு நாம் வைக்கும் சிலை அதுவாகவே இருக்கட்டும்.