டார்வின் வெளியிடாமல் வைத்திருந்த வரைவு: அந்த ஒரு கடிதம் வந்ததும் என்ன ஆனது?

ஆய்வு முழுசாக முடியும் முன்பே அதன் வரைவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடலாமா? ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் ஓயாத விவாதம் இது. போட்டால் யாராவது ஐடியாவைச் சுட்டுவிடுவார்களோ, அரைகுறை என்று கிழித்துவிடுவார்களோ என்ற பயம். போடாவிட்டால் இன்னொருவர் முந்திவிடுவாரோ என்ற பயம். இந்த எல்லா பயத்தையும் மொத்தமாக அனுபவித்தவர் சார்லஸ் டார்வின்.

1809-ல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்தவர். டாக்டருக்குப் படிக்கப் போய் பாதியில் விட்டவர். பீகிள் கப்பலில் 5 ஆண்டுகள் சுற்றிவிட்டு 1836-ல் ஊர் திரும்பினார். அடுத்த 2 ஆண்டுகளிலேயே இயற்கைத் தேர்வு என்ற கருத்து அவருக்குப் பிடிபட்டுவிட்டது. 1842-ல் பென்சிலால் 35 பக்கம் எழுதினார். 1844-ல் அது சுமார் 230 பக்கமாக வளர்ந்தது.

அச்சுக்குப் போகவில்லை. பதிலாக மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். தான் திடீரென்று இறந்துவிட்டால் 400 பவுண்டு செலவழித்து இதை வெளியிட வேண்டும் என்று!

ஏன் இந்தத் தயக்கம்?

அதே 1844-ல், உயிரினங்கள் காலப்போக்கில் மாறிவந்தன என்று சொல்லும் புத்தகம் ஒன்று, எழுதியவர் பெயரே இல்லாமல் வந்தது. விற்பனை சக்கைப்போடு போட்டது. ஆனால் அறிஞர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதில் ஒருவர், டார்வினுக்கு நிலவியல் களப்பணி கற்றுக்கொடுத்த ஆடம் செட்ஜ்விக்.

அதற்காக வெறும் பயம் என்றும் சொல்லிவிட முடியாது. கப்பலடியில் ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள் என்ற சின்ன கடல் உயிரியை 8 ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரு மூதாதையிலிருந்து இனங்கள் ஏன் பலவாகப் பிரிகின்றன என்ற முக்கியமான விளக்கம் 1844 வரைவில் இல்லை, பிறகுதான் கிடைத்தது. காத்திருந்ததில் லாபமும் இருந்தது.

இன்னொன்று, அவர் வரைவை முழுசாக மறைக்கவும் இல்லை. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரிடம் படிக்கக் கொடுத்தார். 1857-ல் அமெரிக்காவின் ஏசா கிரேவுக்குச் சுருக்கம் அனுப்பினார்.

1858 ஜூனில் தலையில் இடி. இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் பூச்சி, பறவைகளைச் சேகரித்து விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். கிட்டத்தட்ட டார்வினின் அதே கருத்து! நன்றாக இருந்தால் நிலவியலாளர் சார்லஸ் லயெலிடம் காட்டச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

அதே நாட்களில் டார்வினின் கைக்குழந்தை ஸ்கார்லட் காய்ச்சலில் இறந்துபோனது. லயெலும் ஹூக்கரும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் முதலில் டார்வினின் 1844 வரைவிலிருந்து ஒரு பகுதி, அடுத்து கிரே கடிதத்தின் சுருக்கம், கடைசியாக வாலஸ் கட்டுரை வாசிக்கப்பட்டன.

வாலஸிடம் யாரும் கேட்கவில்லை. அவருடைய வரைவு அவருக்கே தெரியாமல் பொதுவெளிக்கு வந்துவிட்டது. டார்வினின் தேதிக்குச் சாட்சி சொல்ல பெரிய நண்பர்கள் இருந்தார்கள். வாலஸுக்கு அந்த வசதி இல்லை. 1991-ல் தொடங்கிய ஆர்கைவ் போன்ற ப்ரீபிரிண்ட் தளங்களில் இன்று யார் வரைவை ஏற்றினாலும் தேதி தானாகப் பதிவாகிவிடுகிறது. தேதிக்குச் சாட்சி சொல்ல லயெல் தேவையில்லை.

வாலஸ் இதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. 1889-ல் தன் புத்தகத்துக்கே 'டார்வினிசம்' என்றுதான் பெயர் வைத்தார். அந்த அதிர்ச்சிக்குப் பின் டார்வின் விறுவிறுவென எழுதிய 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பரில் வெளியானது. முதல் பதிப்பு 1,250 பிரதிகள்.

1882-ல் டார்வின் மறைந்தார். அந்த 35 பக்கப் பென்சில் வரைவு கிடைத்தது, எம்மாவும் இறந்து 1896-ல் வீட்டைக் காலி செய்தபோதுதான். மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியில் கிடந்தது. மகன் பிரான்சிஸ் அதையும் 1844 வரைவையும் சேர்த்து 1909-ல் வெளியிட்டார்.