காணாக் காற்றை அளந்தவர்

ரேடான் என்னும் வளிக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. தரையின் விரிசல்கள் வழியே வீட்டுக்குள் கசியும் இவ்வளி, ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்க வல்லது. புலன்களுக்கு எட்டாத இதனை அளந்தறிவதற்கு அடித்தளம் இட்டோருள் முதன்மையானவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. அணுக்கருவைக் கண்டறிந்தவராக நாம் அறிந்த அவரை, வளியொன்றின் இயல்பைத் தேடிய இளம் பேராசிரியராக இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

நியூசிலாந்தின் நெல்சன் நகருக்கு அருகில் உள்ள பிரைட்வாட்டரில் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் ரூதர்ஃபோர்டு பிறந்தார். பன்னிரு பிள்ளைகளுள் அவர் நான்காமவர். தந்தை வண்டிச் சக்கரம் செய்வதிலும் வேளாண்மையிலும் ஈடுபட்டவர். தாய் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். பெரிய குடும்பத்தில் பிறந்த அவருக்கு உதவித்தொகைகளே உயர்கல்வியின் வாயிலைத் திறந்தன. நெல்சன் கல்லூரியிலும் கிறைஸ்ட்சர்ச் நகரின் கேன்டர்பரிக் கல்லூரியிலும் பயின்ற பின், இங்கிலாந்து செல்வதற்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். அது முதலில் வேறொருவருக்கே கிடைத்தது. அவர் அதனை ஏற்காமையால் ரூதர்ஃபோர்டை வந்தடைந்தது. 1895இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே.ஜே. தாம்சனிடம் மாணவராகச் சேர்ந்தார்.

கதவைத் திறந்தால் குறைந்த கதிர்

1898இல், தம் 27ஆம் அகவையில், கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரூதர்ஃபோர்டு இயற்பியல் பேராசிரியரானார். அங்கு அவருடன் பணியாற்றிய மின்பொறியியல் பேராசிரியர் ஓவன்ஸ், தோரியத்தின் கதிர்வீச்சை அளந்துகொண்டிருந்தார். அளவுகள் ஒருநிலையில் நில்லாமல் மாறின. மூடிய கலத்தில் சீராக இருந்த கதிர்வீச்சு, அறைக் கதவு திறந்து காற்று வீசினால் குறைந்தது.

கருவியின் பிழை என்று இதனை எளிதில் ஒதுக்கியிருக்கலாம். ரூதர்ஃபோர்டு அவ்வாறு ஒதுக்கவில்லை. காற்றோடு அடித்துச் செல்லப்படும் ஏதோ ஒன்று தோரியத்திலிருந்து வெளிப்படுகிறது என உய்த்துணர்ந்தார். தோரியச் சேர்மத்தின்மீது காற்றை மெல்லச் செலுத்தி, அக்காற்றை வேறொரு கலத்தில் சேர்த்தார். கதிர்வீச்சு காற்றை மின்கடத்தியாக்கும்; ஆதலால் மின்னோட்டத்தை அளந்து கதிர்வீச்சின் வலிமையை அறிந்தார். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை அம்மின்னோட்டம் பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது. அரை ஆயுட்காலம் என்று நாம் இன்று கற்கும் கருத்து இவ்வாறு உருப்பெற்றது.

மற்றொன்றையும் அவர் கண்டார். அவ்வளி பட்ட பரப்புகளில் கண்ணுக்குத் தெரியாத கதிரியக்கப் படிவு தங்கியது. வளி மறைந்த பின்னும் அப்படிவு பல மணி நேரம் கதிர்வீசியது. இவ்விரு முடிவுகளையும் 1900ஆம் ஆண்டு வெளியிட்டார்.

மாறும் தனிமம்

அதே ஆண்டில் ஜெர்மனியில் டோர்ன் என்பவர், ரேடியமும் இத்தகைய வளியை வெளிவிடுவதைக் கண்டார். ரூதர்ஃபோர்டின் மாணவியான ஹேரியட் புரூக்ஸ் அவருடன் இணைந்து, ரேடியம் தரும் வளி மிகக் கனமானது என்று 1901இல் காட்டினார். அதுவே பின்னாளில் ரேடான் எனப் பெயர் பெற்றது. தோரியம் தந்த வளி அதன் மற்றொரு ஐசோடோப்பு. வேதியியலறிஞர் ஃபிரடெரிக் சாடியுடன் செய்த ஆய்வுகள், ஒரு தனிமம் தானே சிதைந்து வேறொரு தனிமமாக மாறுகிறது என்ற முடிவுக்கு இட்டுச் சென்றன. தனிமங்கள் மாறா இயல்பின என்ற நெடுநாள் நம்பிக்கை இதனால் தகர்ந்தது.

1907இல் மான்செஸ்டருக்குச் சென்ற ரூதர்ஃபோர்டு, 1908இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். மிக மெல்லிய கண்ணாடிக் குழாயில் அவ்வளியை அடைத்து, அதிலிருந்து வெளியேறும் ஆல்ஃபா துகள்கள் ஹீலியம் ஆவதை ராய்ட்ஸ் என்பவருடன் நிறுவினார். 1911இல் அணுக்கருக் கொள்கையை வெளியிட்டார். 1919 முதல் கேவண்டிஷ் ஆய்வகத்திற்குத் தலைமை ஏற்றார். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் மறைந்த அவருடைய அஸ்தி, வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நியூட்டன் கல்லறைக்கு அருகில் வைக்கப்பட்டது.

இல்லம்தோறும் ஒரு சோதனை

ரூதர்ஃபோர்டின் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஐரோப்பாவின் சாக்சனி, பொகிமியாப் பகுதிகளில் சுரங்கத் தொழிலாளர்கள் மார்பு நோயால் மாண்டுவந்தனர். அதற்குக் காரணம் ரேடான் என்பது பின்னரே புலனாயிற்று. வீடுகளிலும் இவ்விடர் உண்டு என்பதை 1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிகழ்ந்த ஒன்று உணர்த்தியது. அணுமின் நிலையப் பொறியாளர் ஒருவர்மீது கதிரியக்கம் படிந்திருப்பதைக் கருவிகள் காட்டின. அது நிலையத்தில் பட்டதன்று; அவர் வீட்டில் செறிந்திருந்த ரேடானின் படிவு. ரூதர்ஃபோர்டு பரப்புகளில் கண்ட அத்தகைய படிவே, மூச்சுக்காற்றோடு நுரையீரலில் தங்கி ஆல்ஃபா துகள்களால் திசுக்களைச் சிதைக்கிறது.

இன்றைய வீட்டுச் சோதனைகளில் அவருடைய ஆய்வின் சுவடுகளைக் காணலாம். குறுகிய காலச் சோதனையில், ரேடானை ஈர்க்கும் கரியைச் சிறு கலத்தில் இட்டுச் சில நாள்கள் வைப்பர். அப்போது கதவு, சன்னல்களை இயன்றவரை மூடியிருத்தல் வேண்டும். திறந்தால் அளவு குறைந்து காட்டும். ரேடானின் அரை ஆயுட்காலம் 3.8 நாள்களே ஆதலின், கலத்தை ஆய்வகத்திற்கு விரைந்து அனுப்ப வேண்டும். நீண்ட காலச் சோதனையில், பிளாஸ்டிக் வில்லை ஒன்றைப் பல மாதங்கள் வைத்து, அதில் ஆல்ஃபா துகள்கள் பதித்த தடங்களை எண்ணுவர். ரேடானின் அளவு நாளுக்கு நாள் மாறுவதால், இதுவே நம்பகமானது.

ஒரு கன மீட்டர் காற்றில் நொடிக்கு 100 சிதைவுகள், அதாவது 100 பெக்கரல் என்ற அளவை உலக நலவாழ்வு அமைப்பு 2009இல் பரிந்துரைத்தது. அதனை மிகுந்தால், விரிசல்களை அடைத்தும், தரைக்கு அடியிலிருந்து குழாயும் விசிறியும் கொண்டு வளியை வெளியேற்றியும், காற்றோட்டத்தைப் பெருக்கியும் குறைக்கலாம். மாண்ட்ரியல் ஆய்வறையில் சீரற்றுத் தோன்றிய ஓர் அளவீட்டை ரூதர்ஃபோர்டு பொருட்படுத்தி ஆராய்ந்தார். அதன் பயனாகவே, கண்ணுக்குப் புலனாகாத ஓர் இடரை இன்று எவரும் தம் வீட்டிலேயே அளந்து தற்காத்துக்கொள்ள முடிகிறது.