எழுத்தே இல்லாத தபால் கார்டு

இந்தத் தடவை நான் எழுத எடுத்துக்கொண்டது ஜப்பானின் புகழ்பெற்ற டி.வி. நாடக எழுத்தாளர் முகோதா குனிகோ என்ற அம்மையாரின் வாழ்க்கை.

குனிகோ 1929 நவம்பர் 28 அன்று டோக்கியோவில் பிறந்தார். நாலு பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அடிக்கடி மாற்றல் வரும். ககோஷிமா, தகமத்சு என்று ஊர் ஊராகப் போனார்கள். அப்பா ரொம்பக் கோபக்காரர். கோபம் வந்தால் அடியும் விழும். ஆனால் குனிகோ குடும்பத்தைப் பிரிந்து தங்கிப் படித்தபோது, அதே அப்பா மகளுக்கு மரியாதையாக 'நீங்கள்' போட்டுக் கடிதம் எழுதினாராம்! ஆச்சரியமா இருக்கு இல்லையா?

1945 மார்ச் 10. இரண்டாம் உலகப் போர். டோக்கியோவில் விழுந்த குண்டுகளால் ஒரே இரவில் சுமார் 1 லட்சம் பேர் இறந்தார்கள். குனிகோவின் குடும்பம் தப்பியது. பயந்துபோய்க் கடைக்குட்டித் தங்கச்சியைக் கோஃபு என்ற ஊருக்கு மற்ற குழந்தைகளோடு அனுப்பினார்கள். அவளுக்கு இன்னும் எழுதத் தெரியாது. அதனால் அப்பா நிறையத் தபால் கார்டுகளில் தன் விலாசத்தைத் தானே எழுதிக் கொடுத்தார். நல்லா இருக்கிற நாளில் ஒரு வட்டம் போட்டு, தினம் ஒண்ணு அனுப்பச் சொன்னார்.

முதல் கார்டில் சிவப்புப் பென்சிலால் பெரிய வட்டம். அடுத்த நாளிலிருந்து வட்டம் சின்னதாகிக்கொண்டே போச்சு. பிறகு பெருக்கல் குறி. கடைசியில் கார்டே வரவில்லை. அம்மா போய்ப் பார்த்தால், பிள்ளைக்குக் கக்குவான் இருமல், தலை நிறையப் பேன்.

தங்கச்சி திரும்பி வருகிற அன்று குனிகோவும் தம்பியும் தோட்டத்துப் பூசணிக்காய்களைப் பிஞ்சுகூட விடாமல் பறித்து, அவள் பார்ப்பதற்காக வரிசையாக அடுக்கினார்கள். பிஞ்சைப் பறித்தால் திட்டுகிற அப்பா அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. ராத்திரி அவள் வந்ததும், செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாராம்.

குனிகோ 1950இல் கல்லூரிப் படிப்பை முடித்தார். சினிமாப் பத்திரிகையில் வேலை பார்த்தார். பிறகு ரேடியோவுக்கும் டி.வி.க்கும் எழுதினார். 1974இல் வந்த 'தெராவுச்சி கந்தாரோ இக்கா' நாடகம் பெரும் புகழ் பெற்றது. அதில் வருகிற கோபக்காரக் கல்தச்சர் அப்பா யார் மாதிரி என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்!

1975இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு வலது கை சரியாக வேலை செய்யவில்லை. அவர் விடவில்லை. இடது கையால் எழுதினார். அப்பாவைப் பற்றிய கட்டுரைகள் 1978இல் புத்தகமாக வந்தன. 1980இல் சிறுகதைகளுக்காக நவோகி பரிசு கிடைத்தது. அடுத்த வருஷமே, 1981 ஆகஸ்ட் 22 அன்று, தைவானில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். வயது 51தான். விமானத்தில் இருந்த 110 பேரும் பிழைக்கவில்லை. இன்று டி.வி. நாடக எழுத்தாளர்களுக்கு அவர் பெயரில் பரிசு தருகிறார்கள்.

தபால் கார்டு பற்றி அவர் எழுதிய கட்டுரை ஜப்பானியப் பள்ளிப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்த அப்பா அதைப் படிக்கவில்லை. அவர் 1969லேயே இறந்துவிட்டார். எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். எழுதத் தெரியாத மகளுக்கு வழி கண்டுபிடித்த அப்பாவுக்கு, தன் பாசத்தை வாயால் சொல்லத் தெரியவில்லை. மகள் அதைப் புரிந்துகொண்டு ஊருக்கே சொன்னார். நண்பர்களே, நம்ம வீட்டிலும் சொல்லத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே நாம் புரிந்துகொள்வோம்.