மாடம்பாக்கம் வரை வந்த சகோதரி சுப்புலட்சுமி

எங்க நெம்மேலி சவுக்குத்தோப்பு ஓரத்தில் என் வீட்டுக்காரரோட ஃபைபர் போட் ஆறு வருஷம் கவிழ்த்துப் போட்டபடியே கிடந்தது. அவர் போன பிறகு அதை விக்கவும் மனசு வரலை, வாடகைக்கு விடவும் மனசு வரலை. அந்த நேரத்தில்தான் கூட்டமைப்புப் பயிற்சி ஒன்றில் சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றிக் கேட்டேன்.

1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கல்யாணம். கொஞ்ச நாளில் மாப்பிள்ளை இறந்துட்டார். அந்தக் காலத்துப் பிராமண வீட்டில் அப்படி ஆன பொண்ணுக்கு மொட்டையும் ஒரு மூலையும்தான் மிச்சம். சுப்புலட்சுமியோட அப்பா சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் வாங்கினார்.

அடுத்த வருஷமே எழும்பூரில் தன் வீட்டிலேயே சில இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைக்க ஆரம்பித்தார். கூடவே துணையா நின்றவர் அவருடைய சித்தி, அவங்களும் கைம்பெண்தான். பிறகு அந்த இல்லம் மெரினா ஐஸ் ஹவுஸுக்குப் போனது. இப்போ விவேகானந்தர் இல்லம் என்று சொல்றோமே, அந்தக் கட்டடம்தான். அங்கே இருந்த பெண்கள் பலர் டீச்சராக வெளியே வந்தாங்க. ஒன்று சொல்லணும்: அந்த இல்லம் பிராமண விதவைகளுக்காக ஆரம்பித்தது. எங்க பாட்டி அன்னிக்குப் போய் நின்றிருந்தால் இடம் கிடைத்திருக்காது. இதை நான் மறைக்க விரும்பலை.

ஆனால் அவர் அதோடு நிற்கலை. தான் வளர்த்த சாரதா வித்யாலயாவை ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். பெத்த பிள்ளையைத் தத்துக் கொடுப்பது மாதிரிதானே அது! 1942-ல், படிக்க வயசு தாண்டிப்போன பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். 1954-ல், 68 வயசில், தாம்பரம் பக்கத்து மாடம்பாக்கத்தில் கிராமத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நல மையம் ஆரம்பித்தார். இன்னிக்கு அது நம்ம செங்கல்பட்டு மாவட்டம். மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1958-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1969-ல் காலமானார்.

எனக்கு அந்தப் பட்டமெல்லாம் பெரிசாத் தெரியலை. 68 வயசில் புதுசா ஒண்ணு தொடங்கினாரே, அதுதான் ராத்திரி தூங்க விடலை. எனக்கு அப்போ 43.

அந்த ஆடியில் போட்டை வித்தேன். கோவளத்துக்காரர் டிராக்டரில் ஏத்திட்டுப் போனப்போ நான் வெளியே வரலை, உள்ளேயே இருந்தேன். அந்தப் பணத்தோடு குழுக் கடனும் சேர்த்துக் கருவாட்டு வியாபாரம் ஆரம்பித்தேன். போட் கிடந்த இடத்தில் இப்போ வலை விரிச்சு நெத்திலி காயப்போடறேன்.