சாரணத் தந்தை பேடன் பவல்

பிரித்தானியத் தீவிலே முளைத்து உலகெங்கும் கிளை பரப்பிய சாரணர் இயக்கத்தை அறியாதார் இலர். அதனை நிறுவிய ராபர்ட் பேடன் பவலின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

அவர் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டுப் பேராசிரியரான தந்தையார் 1860இல் காலமாக, பெருங் குடும்பத்தின் பொறுப்பு முழுதும் அன்னையாரைச் சேர்ந்தது. பள்ளியை அடுத்த சோலையில் ஆசிரியர் கண்ணிற் படாது உலவிய சிறுவர், தடம் அறியும் கலையை ஆண்டே பயின்றார். 1876இல் படையதிகாரியாய் நம் நாட்டிற்கு வந்தார்.

தென்னாப்பிரிக்கப் போரில் மேஃபகிங் நகர் 217 நாள் முற்றுகைக்கு உள்ளானபோது காவற்படைத் தலைவர் அவரே. ஆங்குச் சிறுவர்கள் குண்டுமாரிக்கிடையே செய்தி சுமந்து சென்றனர். நம்பிப் பொறுப்பளித்தால் இளைஞர் அதனைத் தாங்குவர் என்ற உண்மை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் சுமார் 20 சிறுவரைக் கூட்டிப் பாசறை அமைத்தார். செல்வர் மக்களும் உழைப்பாளர் மக்களும் ஓரணியில் கலந்து பயின்றனர். மறு ஆண்டு அவர்தம் நூல் தவணைகளாய் வெளிவரவே, சிறுவர் தாமே அணி திரண்டனர். 1909இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் 10,000 பேருக்குக் குறையாது குழுமினர். அழைப்பின்றி வந்து நின்ற சிறுமியரும் உளர். அவர்க்கென 1910இல் தனி இயக்கம் எழுந்தது. 1920இல் அவர் உலகத் தலைமைச் சாரணராகப் போற்றப்பெற்றார்.

ஆயினும் நிறை கூறுவோர் குறையும் கூறல் வேண்டும். 1909இல் நம் நாட்டில் தோன்றிய சாரணர் படைகளில் இந்தியச் சிறுவர்க்கு இடமில்லை. அதுகண்டு பொறாத அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கம் கண்டார். 1921இல் பேடன் பவல் நேரில் வந்தபின் அச்சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. எனினும், 1937இல் இந்தியர்தம் ஒழுக்கத்தைப் பழித்து அவர் கூறிய சொற்கள் நம்மவர் நெஞ்சைப் புண்படுத்தின. மறு ஆண்டே இந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது. விடுதலைக்குப் பின்னரே, 1950 நவம்பர் 7ஆம் நாள், பிரிந்தோர் கூடிப் பாரதச் சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று.

1941 ஜனவரி 8ஆம் நாள் கென்யாவின் நையேரியில் அவர் மறைந்தார். வட்டமும் நடுவே புள்ளியுமாய், வீடு திரும்பினார் எனப் பொருள்படும் சாரணர் தடக்குறி அவர் கல்லறையிலே பொறிக்கப்பெற்றுள்ளது.

அனைவரையும் உடன்பிறப்பாய்க் கருதுக என்பது சாரண நெறி. நிறுவியவரே அதனின்று வழுவியபோதும், நெறி வழுவவில்லை. அதனை ஏற்ற நம் நாட்டவர் அதனை நிறைவுறச் செய்தனர். நம் இளைஞர் போற்றிக் கொள்ளத்தக்க பாடம் இதுவேயாம்.