நாணயத்தின் முகவரி

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி இன்று இணையச் சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது. பழங்காசு தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் நம் நாட்டிலும் பெருகி வருகின்றனர். இவ்வேளையில் நினைவுகூரத் தக்கவர் சர் வால்டர் எலியட். சைதாப்பேட்டைவாசிகளான நாங்கள் மாலையில் காற்று வாங்கச் செல்லும் எலியட்ஸ் கடற்கரைக்குப் பெயர் தந்தவர் இவரல்லர்; அவர் சென்னையின் மாஜிஸ்திரேட்டாக இருந்த எட்வர்டு எலியட். வால்டருக்கு இந்நகரில் கடற்கரை இல்லை. ஆனால், தென்னிந்திய நாணயவியலுக்கு அடித்தளமிட்டோருள் அவர் முதன்மையானவர்.

ஸ்காட்லாந்தில் 1803-இல் பிறந்த எலியட், கிழக்கிந்திய கம்பெனியின் பணியாளராக 1821-இல் சென்னை வந்தார். 1824-இல் கித்தூர் ராணி சென்னம்மாவின் படையிடம் சிறைப்பட்டு, பின்னர் விடுதலையானார். அதன் பிறகும் அவர் அப்பகுதியை வெறுக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று 595 கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். பகலில் வருவாய்த் துறைக் கணக்கு, ஓய்வில் கல்வெட்டும் காசும் என்றே அவருடைய பணிக்காலம் கழிந்தது. இங்கிருந்து பறவைத் தோல்களைச் சேகரித்து சார்லஸ் டார்வினுக்கு அனுப்பியவரும் அவரே.

1845-இல் அவர் அமராவதி பௌத்தத் தூபியை அகழ்ந்தார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, அவ்வூர் ஜமீன்தாரின் ஆட்கள் கட்டடக் கல்லுக்காக அம்மேட்டைத் தோண்டிச் சிதைத்திருந்தனர். எலியட் மீட்ட சிற்பங்கள் சென்னையில் பல்லாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின. எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்ற முழுமையான பதிவு நமக்கு எஞ்சவில்லை. பொருள் பிழைத்தது, அதன் முகவரி அழிந்தது.

நாணயங்களில் நிலைமை வேறு. சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் கிடைத்த, இரு பாய்மரக் கப்பல் பொறித்த ஈயக் காசுகளைக் குறும்பர், பல்லவர் காலத்தோடு அவர் பொருத்தினார். அவற்றுள் பல சாதவாகனர் வெளியிட்டவை எனப் பிற்கால ஆய்வாளர் திருத்தினர். ஆந்திர நாட்டு அரசமரபின் காசு தமிழகக் கடற்கரையில் புழங்கியது என்னும் வரலாற்றுச் செய்தி, அவை கிடைத்த இடம் தெரிந்ததால்தான் நமக்கு வாய்த்தது. முடிவு தவறினாலும் இடக்குறிப்பு பின்வந்தோருக்குப் பயன்பட்டது.

1860-இல் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பிய எலியட், முதுமையில் பார்வையைப் பெரிதும் இழந்தார். எனினும் பிறர் உதவியோடு தென்னிந்திய நாணயங்கள் பற்றிய தம் நூலை 80 வயதைக் கடந்து வெளியிட்டார். அவர் சேர்த்த காசுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இங்கொன்று சொல்ல வேண்டும். நம் புதையல் சட்டம் 1878-ஆம் ஆண்டினது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் சைதாப்பேட்டையில் இருந்த காலத்தில், அம்மாவட்டத்துப் புதையல் பற்றிய தகவல் எங்கள் ஊருக்குத்தான் வந்திருக்கும். அரசு அப்புதையலை எடுத்துக்கொண்டால் உலோகத்தின் விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தரும். அரியதொரு செப்புக்காசுக்குச் செம்பின் விலை சில ரூபாய். சேகரிப்போர் தரும் விலையோ பன்மடங்கு. நேர்மைக்கு இழப்பும் மறைப்புக்கு ஆதாயமும் கிடைக்குமாறு விதி அமைந்தால், மக்கள் எதைத் தேர்வார்கள்?

இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், அருங்காட்சியகம் கொள்ளும் புதையலுக்குச் சந்தை மதிப்பை வெகுமதியாக்கியது. 1997 முதல் அங்கு நடைபெறும் தன்னார்வப் பதிவுத் திட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள், கிடைத்த இடத்தோடு பதிவாகியுள்ளன. அதற்காகக் கருவியோடு யாரும் எங்கும் தோண்டலாம் என்பதன்று என் வாதம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். அது அப்படியே நீடிக்க வேண்டும். உழும்போதும் வீடு கட்டக் கடைக்கால் எடுக்கும்போதும் தற்செயலாகக் காசு கண்டவர் அச்சமின்றி முன்வர வழி வேண்டும் என்பதே என் கோரிக்கை.

1887 மார்ச் 1 அன்று காலை, எலியட் ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்துத் தம் கையால் ஒப்பமிட்டார். திருக்குறளை மொழிபெயர்த்த ஜி.யு. போப்புக்கு அக்கடிதம்; அந்நூலுக்கு வந்த மதிப்புரையை அதில் பாராட்டியிருந்தார். அன்று மாலை அவர் மறைந்தார். இந்நாட்டை ஆண்ட கம்பெனியின் அதிகாரி அவர் என்பதையும், அவர் திரட்டியவை கடல் கடந்தன என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால், இனிக் கிடைப்பவை எங்கே கிடைத்தன என்று எழுதிவைக்கும் பொறுப்பு நம்முடையது.