காற்றைச் சக்கரத்தில் அடைத்தவர்

மிதிவண்டி வாங்கச் செல்பவரின் கண்ணில் முதலில் படுவது அதன் வண்ணமும் வடிவமும்தான். பளபளக்கும் சட்டமும் மெல்லிய சக்கரங்களும் மனத்தைக் கவர்கின்றன. ஆனால், மலாக்காவின் தோட்டப்புறச் செம்மண் பாதையில் ஓட்டிப் பார்க்கும்போதுதான் வண்டியின் உண்மையான தரம் தெரியும். கல்லும் பள்ளமும் நிறைந்த பாதையிலும் உடல் குலுங்காமல் செல்ல உதவுவது காற்றடைத்த டயர். தொடக்கத்தில் அழகற்றது என்று எள்ளப்பட்ட அந்த டயரை மிதிவண்டிக்கு உரியதாக்கியவர் ஜான் பாய்டு டன்லப்.

டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் ஸ்காட்லாந்தில் உள்ள டிரெகார்ன் எனும் சிற்றூரில் பிறந்தார். எடின்பர்க் நகரில் கால்நடை மருத்துவம் பயின்றார். 1867இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராகத் தொழில் புரிந்தார். அவர் பொறியியல் கற்றவர் அல்லர். எனினும், எதையும் தாமே செய்து பார்க்கும் ஆர்வம் உடையவர்.

அக்கால மிதிவண்டிச் சக்கரங்களில் கெட்டியான இரப்பர்ப் பட்டையே பொருத்தப்பட்டிருந்தது. அது மெலிதாகவும் நேர்த்தியாகவும் காட்சியளித்தது. ஆனால், பெல்ஃபாஸ்டின் கருங்கல் பாவிய தெருக்களில் வண்டி கடகடவென அதிர்ந்தது. தம் மகன் ஜானியின் முச்சக்கர மிதிவண்டி எளிதாக ஓட வழி காண டன்லப் விரும்பினார்.

1887இல் அவர் ஒரு வட்டமான மரப்பலகையை எடுத்துக்கொண்டார். மெல்லிய இரப்பர்த் தாளால் குழாய் ஒன்றைச் செய்து, பலகையின் விளிம்பைச் சுற்றி வைத்து, அதன்மேல் துணியைப் போர்த்தி ஆணியடித்தார். பந்துக்குக் காற்றடிக்கும் கருவியால் குழாயில் காற்றை நிரப்பினார். பின்னர், வண்டியின் பழைய சக்கரத்தையும் இப்புதிய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதி வழியிலேயே சாய்ந்து விழுந்தது. புதிய சக்கரமோ முற்றத்தைக் கடந்து, மறுமுனையில் மோதித் துள்ளியது.

இதற்கான காரணம் எளியது. கெட்டிச் சக்கரம் ஒரு கல்லின்மீது ஏறும்போது வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து மேலே தூக்கப்படுகின்றனர். அதனால், முன்னே செல்லும் ஆற்றல் வீணாகிறது. காற்றடைத்த டயரிலோ கல் படும் இடம் மட்டும் அமுங்கி, உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறது. சக்கரம் தடையின்றி உருள்கிறது.

1888இல் டன்லப் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், புதிய டயர் கண்ணுக்கு இனியதாக இல்லை. துணி சுற்றப்பட்டுப் பருத்திருந்த அது, காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல் தோன்றியது. அதைப் பொருத்துவதற்கு வண்டிச் சட்டத்தையும் அகலமாக்க வேண்டியிருந்தது. நேர்த்தியான வண்டிகளைப் பார்த்துப் பழகியவர்கள் அதை ஏளனம் செய்தனர்.

1889ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பெல்ஃபாஸ்டில் மிதிவண்டிப் பந்தயம் நடைபெற்றது. வில்லி ஹியூம் எனும் வீரர் காற்றடைத்த டயர் பொருத்திய வண்டியில் களமிறங்கினார். பருத்த சக்கரங்களைக் கண்டு பார்வையாளர்கள் நகைத்தனர். ஆனால், அவர் கலந்துகொண்ட நான்கு போட்டிகளிலும் வாகை சூடினார். சிரிப்பொலி வியப்பொலியாக மாறியது. அவ்வாண்டின் இறுதிக்குள் ஹார்வி டு குரோஸ் என்பவரின் முயற்சியால் டப்ளினில் டயர் நிறுவனம் ஒன்று உருவானது.

வெற்றியைத் தொடர்ந்து ஒரு பேரிடியும் வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் குதிரை வண்டிக்கான காற்றடைத்த டயருக்கு 1845இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். டன்லப் அதை அறிந்திருக்கவில்லை. எனவே, அவருடைய காப்புரிமை செல்லாததாயிற்று.

டயரிலும் ஒரு குறை இருந்தது. அது சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்ததால், பஞ்சரானால் கழற்றிச் சரிசெய்வது கடினமாயிற்று. 1890இல் சார்லஸ் வெல்ச், வில்லியம் பார்ட்லெட் ஆகிய இருவரும் தனித்தனியே இதற்குத் தீர்வு கண்டனர். கம்பி பதித்த விளிம்பால் டயரைச் சக்கர வளையத்தினுள் பொருத்தினார் வெல்ச். வளைந்த வளையத்தில் கொக்கிபோல் பற்றிக்கொள்ளும் விளிம்பை அமைத்தார் பார்ட்லெட். அவ்விரு காப்புரிமைகளையும் நிறுவனம் வாங்கியது. இனித் துணிக்கட்டு தேவைப்படவில்லை. டயர் எளிதில் கழன்றது, தோற்றமும் சீரானது. செயல்திறனோடு அழகும் கைகோத்தது.

டன்லப் 1890களின் நடுப்பகுதியில் நிறுவனத்தை விட்டு விலகினார். அவரது பெயர் உலகெங்கும் பரவியபோதும் பெருஞ்செல்வம் அவரை வந்தடையவில்லை. முதுமையில், நிறுவனத்தின் விளம்பரங்கள் தம்மைத் தொப்பியும் கைத்தடியும் கொண்ட பகட்டு மனிதராகச் சித்திரித்ததைக் கண்டு அவர் மனம் வருந்தினார். எளிமையாக வாழ்ந்த அவர் அதை எதிர்த்து வழக்கும் தொடுத்தார். 1921ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் டப்ளினில் காலமானார்.

அவரது டயர் மலாக்காவின் வரலாற்றையும் தொட்டது. மிதிவண்டியும் பின்னர் மோட்டார் வண்டியும் பெருகியதால் இரப்பரின் தேவை உயர்ந்தது. 1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் பால்மரங்களை நட்டு, மலாயாவில் வணிக இரப்பர்த் தோட்டத்துக்கு வித்திட்டார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து தோட்டங்களில் பால் வெட்டினர். மலாயாவின் பால் கப்பலேறிச் சென்று டயராக உருமாறியது. அத்தகைய டயர் பூட்டிய மிதிவண்டிகளே தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெரியவர்களைப் பட்டணத்துக்கும் சுமந்து சென்றன.

ஒரு பொருளின் அழகு நம்மை அதனருகே அழைக்கிறது. அதன் பயன் நம்மை அதனோடு நிலைக்கச் செய்கிறது. டன்லப் முதலில் பயனைத் தேடினார். அவருக்குப் பின் வந்தோர் அதற்கு அழகைச் சேர்த்தனர். அன்று சிரிப்புக்கு ஆளான பருத்த சக்கரம் இன்று மிதிவண்டியின் இயல்பான தோற்றமாகவே ஆகிவிட்டது.